பாடு முறை களப்புக்கும் வரட்டும்: உடப்புக் கரைவலைக்காரருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள, வலை வைத்திருக்கும் சம்மாட்டிமாருக்கும், வலை இழுக்கும் அண்ணைமார் தம்பிமாருக்கும், கரையில் மீன் பிரித்துக் கருவாடு போடும் அக்காமாருக்கும்,



சுற்றாடலைப் பற்றி எழுத வருகிறவர்கள் வழமையாக அமைச்சருக்கு எழுதுவார்கள், இல்லாவிட்டால் திணைக்களத்துக்கு மகஜர் கொடுப்பார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன். நம் கரையையும் முந்தல் களப்பையும் பற்றி எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பகுதி கரையில் உள்ள உங்கள் வாடிகளில் எடுக்கப்பட வேண்டியது என்பது என் நம்பிக்கை.

அதற்குக் காரணம் உங்களிடம் இருக்கிற பாடு முறை. கரை எல்லோருக்கும் பொது. ஆனால் ஒரு பாட்டில், அதாவது வலை வளைக்கிற ஓரிடத்தில், ஒரே நேரத்தில் இரண்டு வலை வளைக்க முடியாது. ஆகவே யாருடைய வலை எந்தப் பாட்டில், எத்தனையாவதாக இறங்கும் என்று முறை வைத்தார்கள் நம் முன்னோர். மீன் நன்றாகப் படுகிற இடம் ஒருவர் கையிலேயே நிலைக்காமல் சுற்றி வந்தது. சண்டை வந்திருக்கலாம், கோயில் வாசலில் பேசித் தீர்த்திருக்கலாம். முறை மட்டும் நின்றது. பொதுச் சொத்தை ஆளாளுக்கு அள்ளித் தீர்த்துவிடுவார்கள், அரசோ தனியாரோ கையில் எடுத்தால்தான் தப்பும் என்று பொருளியலாளர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்திலும் இந்தத் தீவின் கரையோர ஊர்கள் இப்படித்தான் கடலைப் பகிர்ந்துகொண்டிருந்தன.

இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் எலினோர் ஒஸ்ட்ரோம். பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண். பரிசு 2009இல் கிடைத்தது. பொதுச் சொத்தை ஊர்கள் எப்படித் தாமே ஆள்கின்றன என்று 1990இல் அவர் எழுதிய நூலில் நம் நாட்டுக் கரைவலையும் வருகிறது. தென்கரையில் உள்ள மாவெல்ல என்ற ஊரில் போல் அலெக்சாண்டர் என்ற மானிடவியலாளர் தங்கிச் செய்த ஆய்வை வைத்து எழுதியிருக்கிறார். அந்த ஊரில் முறை கச்சிதமாக இருந்தது. யாருடைய வலைக்கு எந்த நாள் என்பதில் குறையே இல்லை. ஆனால் வலைகளின் எண்ணிக்கைக்கு எல்லை கட்ட முடியவில்லை. புதிய வலையைத் தடுக்கச் சட்டம் இருந்தும், அதை நடைமுறைப்படுத்த வந்தால் மேலிடத்து அரசியல் குறுக்கே நின்றது. வலை கூடிக்கொண்டே போக, ஒவ்வொரு வலைக்கும் கிடைக்கிற நாள் குறைந்தது, பங்கு மெலிந்தது. ஒஸ்ட்ரோம் அந்த ஊரைத் தோல்விகளின் வரிசையில்தான் சேர்த்தார்.

அதை வாசித்தபோது எனக்கு உடப்புதான் நினைவுக்கு வந்தது. எடுப்பதற்கு நம்மிடம் நல்ல முறை இருக்கிறது. விடுவதற்கு முறை இல்லை. கடலிலிருந்து வருவதைப் பங்கு பிரிக்கத் தெரிந்த ஊர், கடலுக்கும் களப்புக்கும் போவதைப் பற்றிக் கூடிப் பேசியதில்லை. சுழற்சிப் பொருளாதாரம் என்று கொழும்பில் மாநாடு வைத்துப் பேசுவதும் உயிர்ப்பல்வகைமை என்று வேறொரு மண்டபத்தில் பேசுவதும் நம் ஊரில் ஒரே விஷயம். முன்னே கடல், பின்னே களப்பு, நடுவில் ஒரு மணல் துண்டு. இங்கே எறிவது எதுவும் தூரம் போவதில்லை.

பழைய கரைவலையை எடுத்துக்கொள்ளுங்கள். நைலோன் வருவதற்கு முன் அதன் மடி, அதாவது மீன் சேரும் பை, பருத்தி நூலிலோ சணல் நூலிலோ பின்னப்பட்டது. கயிறு தென்னந்தும்பு. தென்னை முக்கோணத்துக்குள் இருக்கிற நமக்குத் தும்புக்கு ஏது பஞ்சம்? உப்புத் தண்ணீரில் நூல் சீக்கிரம் உக்கிப் போகாமல் இருக்கக் கண்டல் பட்டையை அவித்து, அந்தச் சாற்றில் வலையைத் தோய்த்துக் காயப் போடுவார்கள். பட்டையின் துவர்ப்பு நூலில் ஏறி, வலை செங்காவி நிறமாகும். நிறம் மங்கினால் மறுபடி பட்டை, மறுபடி அண்டா, மறுபடி தோய்ப்பு. வலை கிழிந்து பழுது பார்க்க முடியாத நிலைக்கு வந்தால், அந்தத் தும்பும் நூலும் எங்கே கிடந்தாலும் சில வருடங்களில் மண்ணாகிவிடும். தென்னைக்கு அடியில் போட்டால் வேருக்கு ஈரம் காக்கும். கடலில் வேலை செய்கிற வலையின் ஆயுள் களப்போரக் காட்டில் இருந்தது. காடு போனால் வலை போகும் என்பது சம்மாட்டிக்குத் தெரியும்.

அந்தக் காலத்துக்குத் திரும்புங்கள் என்று நான் கேட்கமாட்டேன். பருத்தி வலையை ஒவ்வொரு வளைப்புக்குப் பிறகும் உலர்த்தி, அதன் பாரத்தைத் தோளில் சுமந்தவர்களின் முதுகை நினைத்தால் அப்படிக் கேட்க மனம் வராது. நைலோன் அந்தப் பாரத்தைக் குறைத்தது, நல்லது. ஆனால் அதனோடு இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, வலைக்காரருக்குக் கண்டல் தேவைப்படாமல் போனது. பின்னாளில் இறால் பண்ணைக்காகக் கண்டலை வெட்டி வெளியாக்கியபோது கரைப்பக்கமிருந்து பெரிதாகக் குரல் எழாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மற்றது, நைலோன் உக்காது.

வாடிகளின் பின்பக்கம் கிடப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். தலைமுடிபோலச் சிக்குண்ட வலைத்துண்டு, கயிற்று முனை, வெடித்த மிதப்பு, மணலில் பாதி புதைந்த மடி. தீ வைத்தால் கரும்புகை கக்கி, உருகி, கறுப்புக் கட்டியாக மணலோடு ஒட்டிக்கொள்கிறது. மழைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்க் களப்பில் விட்டால் அங்கே அது ஆளில்லாத வலை. நண்டைப் பிடிக்கும், மணலை மீனைப் பிடிக்கும், கடலுக்குப் போனால் ஆமையையும் பிடிக்கும். பிடித்ததை யாரும் எடுக்கப் போவதில்லை.

இந்தக் குப்பைக்கு விலை இருக்கிறது. பிலிப்பைன்சில் டனாஜோன் என்ற பவளத்திட்டைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களில் 2012இல் ஒரு வேலை தொடங்கினார்கள். இன்டர்ஃபேஸ் என்ற கம்பளத் தயாரிப்பு நிறுவனமும் லண்டன் விலங்கியல் சங்கமும் சேர்ந்து, கைவிட்ட நைலோன் வலைகளை ஊர்ச் சேமிப்புக் குழுக்கள் மூலம் கிலோக் கணக்கில் வாங்கின. வலைகள் ஐரோப்பாவில் ஸ்லொவீனியாவுக்குப் போய், மூலப்பொருளாகப் பிரிக்கப்பட்டு, மறுபடி நூலாகிக் கம்பளமாயின. எனக்கு அதில் பிடித்தது கம்பளம் அல்ல. காசு தனி வியாபாரியின் பைக்குப் போகாமல் ஊர்ச் சேமிப்புக் குழுக்களின் கணக்கில் விழுந்ததும், அதே குழுக்கள் கடல் பாதுகாப்பையும் பேசத் தொடங்கியதும்தான்.

நம் கரையில் இதைச் செய்ய முதலில் பிரிக்கத் தெரிய வேண்டும். எல்லா வலையும் ஒரே பொருள் அல்ல. பெரும்பாலான மெல்லிய வலை நைலோன். கயிறும் தடித்த வலையும் பல இடங்களில் பொலியெத்திலீன் அல்லது பொலிப்ரொப்பிலீன். மூன்றையும் கலந்து சாக்கில் கட்டினால் வாங்குகிறவர் அடிமாட்டு விலைதான் சொல்வார். பிரிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு வாளி நல்ல தண்ணீரில் சிறு துண்டை அமுக்கிக் காற்றுக்குமிழி போகக் கசக்கி விடுங்கள். நைலோன் தாழும். மற்ற இரண்டும் மிதக்கும். ஈயக்குண்டையும் மிதப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, மணலும் உப்பும் போக அலசிக் காயவைத்தால் அது சரக்கு. சின்னப் பிள்ளைகள்கூட ஒரு பின்னேரத்தில் கற்றுக்கொள்வார்கள்.

வலையில் மீனோடு சேர்ந்து வருகிற பொலித்தீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று அதை உதறிக் கடலிலேயே விடுகிறோம், அடுத்த வளைப்பில் அதுவே திரும்பி வருகிறது. கேரளத்தில் கொல்லத்துக்கு அருகே நீண்டகரைத் துறைமுகத்தில் 2017 முதல் படகுக்காரர்கள் அதைச் சாக்கில் போட்டுக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். சுசித்வ சாகரம் என்று திட்டத்துக்குப் பெயர். கழுவி, அரைத்து, தார் வீதி போட அனுப்புகிறார்கள். மீன்பிடித் திணைக்களமும் படகுச் சங்கங்களும் சேர்ந்து செய்ததால் நடந்தது. எங்களுக்கு இதை இறக்க ஓர் இடமும் ஏற்ற ஒரு லொறியும் வேண்டும் என்று பிரதேச சபையிடம் உரிமையோடு கேட்கலாம்; ஆனால் அப்படிக் கேட்க நம் கையில் கட்டின சாக்கு இருக்க வேண்டும்.

அக்காமார் மீன் வெட்டுகிற இடத்தில் தலையும் குடலும் குவிகிறது. காகமும் நாயும் போக மிச்சம் நாறுகிறது. அதே அளவு சர்க்கரையோடு மூடியுள்ள பீப்பாயில் போட்டு மூன்று நாலு கிழமை வைத்தால் வாடை மாறித் தேன்நிறக் கரைசல் இறங்கும். தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் இதை மீன் அமிலம் என்று சொல்லிப் பயிருக்குத் தெளிக்கிறார்கள். கற்பிட்டிப் பக்கம் மணல் தோட்டங்களில் போடுகிற இரசாயன உரம் கரைந்து கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேர்வதை ஆய்வுகள் நெடுநாளாகக் காட்டிவருகின்றன. நம் மணலும் அதே மணல். வெங்காயத் தோட்டக்காரருக்கு நீங்கள் விற்கிற ஒவ்வொரு போத்தலும் அந்தக் கிணற்றுக்கும் உதவி.

இவ்வளவையும் செய்துவிட்டுக் களப்பை மறந்தால் எல்லாம் வீண். அதனால் மீதியைக் களப்பைப் பற்றியே எழுதுகிறேன்.

கறுப்புப் புலி இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத குஞ்சுகள் நீரோட்டத்தோடு களப்புக்குள் வந்து, கண்டல் வேருக்கும் கடற்புல்லுக்கும் இடையில் வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. வெள்ளை இறாலும் அப்படித்தான். எத்தனையோ மீனினங்களும் குஞ்சுப் பருவத்தில் களப்பை நம்பியிருக்கின்றன. கரைவலையில் நீங்கள் இழுக்கிறதில் ஒரு பங்கு களப்பு வளர்த்து அனுப்பியது. முந்தல் களப்புக்கோ கடலுக்கு நேராகத் திறந்த முகத்துவாரம் இல்லை. வடக்கே புத்தளம் களப்போடும் தெற்கே சிலாபம் களப்போடும் அதை இணைப்பது ஒல்லாந்தர் கால்வாய். போக வர அந்த வழிதான். அந்தக் கால்வாய் கெட்டால் களப்புக்கு மூச்சு முட்டும்.

1980களில் சிலாபத்திலிருந்து புத்தளம் வரை இறால் பண்ணைகள் பெருகின. கண்டலும் உப்புச் சதுப்பும் வெட்டிக் குட்டையாக்கப்பட்டன. பணம் வந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. அந்தப் பண்ணைகள் தண்ணீர் எடுத்ததும் இதே கால்வாயிலிருந்துதான், கழிவை விட்டதும் இதே கால்வாயில்தான். ஒருவர் வெளியேற்றியதை அடுத்தவர் உள்ளே இழுத்தார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது வைரஸ் பயணம் போகத் தனியாக வாகனம் தேடவில்லை. நோயுற்ற குட்டையின் தண்ணீர் கால்வாயில் இறங்க, அது அடுத்த பண்ணையின் மோட்டாரில் ஏறியது. சில மாதங்களில் பெரிய பெரிய முதலீடுகள் விழுந்தன. பண்ணைக்காரர் பலர் கடனோடு போனார்கள். குட்டைகள் நின்றன.

சுழன்றால் போதும், நன்மை தானாக வரும் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தக் கால்வாயைத்தான் காட்ட வேண்டும். எது சுழல்கிறது, நடுவில் அதைச் சுத்தப்படுத்த உயிருள்ள ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. தண்ணீரை வடிகட்டி, சேற்றைப் பிடித்து, கழிவிலுள்ள சத்தை உறிஞ்சியிருக்க வேண்டியது கண்டல். குட்டை வெட்ட அதைத்தான் முதலில் எடுத்தார்கள்.

பிறகு நடந்ததை நீங்கள் கவனிக்க வேண்டும். பண்ணையாளர் சங்கங்களும் தேசிய நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையான நக்டாவும் கூடி, பிரதேசத்தை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எந்த மாதம் குஞ்சு விடும் என்று ஒவ்வோர் ஆண்டும் நாட்காட்டி போடத் தொடங்கின. எல்லோரும் ஒரே நேரத்தில் கால்வாயில் கை வைக்கக்கூடாது, நோய் வந்தால் அறிவிக்க வேண்டும், ஊர்ச் சங்கம் கண்காணிக்க வேண்டும். இது உங்கள் பாடு முறையேதான். கரைவலைக்காரர் கரையில் தலைமுறை தலைமுறையாகச் செய்ததை, பண்ணைக்காரர் பெரும் நட்டத்துக்குப் பிறகு தண்ணீரில் செய்யக் கற்றார்கள். ஆனால் அந்த மேசையில் கரைவலைக்கு நாற்காலி இல்லை. களப்பின் குஞ்சை நம்பியிருக்கிற நீங்கள் அங்கே உட்கார வேண்டும்.

கைவிட்ட குட்டைகளின் மண் விசித்திரமானது. கண்டல் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து உறங்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை தொல்லையில்லை. தோண்டி வரம்பாகப் போட்டுக் காற்றுப் பட்டால் அமிலமாகிறது. மழைக்குத் துருநிறத் தண்ணீர் கசியும். அதில் நெல்லும் வராது, தென்னையும் தேறாது. கண்டலுக்குத் திருப்பிக் கொடுப்பதே அந்த நிலத்துக்கு வழி.

அதற்காகக் கன்று நட்டுப் படம் எடுக்கிற விழாக்களை நான் நம்புவதில்லை. இலங்கையில் 23 கண்டல் நடுகை இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வின்படி, நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டும். பல இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில், பொருந்தாத உயரத்தில், பொருந்தாத இனத்தை நட்டார்கள். நட்டபிறகு திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் வரம்பை உடைத்து நீரோட்டத்தை உள்ளே விட வேண்டும். தண்ணீர் வந்து போகிற தாளம் சரியானால், அருகில் தாய்மரம் இருந்தால், விதை தானே மிதந்து வந்து குத்தி நிற்கும்.

தூரம் போக வேண்டாம், பக்கத்து ஆனைவிழுந்தானைப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டுக் குளங்கள் ஒன்றின் மிச்சத் தண்ணீர் அடுத்ததில் விழும்படி தொடராகக் கட்டப்பட்ட இடம் அது. நன்னீரும் கண்டலும் கடலும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. 1,397 ஹெக்டேயர், 2001இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள றம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஈரநிலத்துக்குள்ளேயே கண்டலை வெட்டிக் குட்டையாக்கினார்கள். 2020 ஆகஸ்டிலும் பெக்கோ இயந்திரம் இறக்கி ஒரு துண்டை அழித்த செய்தி வந்து நாடே கொதித்தது. அதே இடத்தில்தான் வயம்ப பல்கலைக்கழக ஆய்வாளரும் வனஜீவராசிகள் திணைக்களமும் கைவிட்ட குட்டைகளில் நீரோட்டத்தைத் திருத்திக் கண்டலை மீட்கிறார்கள். இலங்கையின் கண்டல் மீட்பை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரிகளில் ஒன்றாக அறிவித்தது. அது நம் வாசலில் நடக்கிற காரியம். உடப்பிலிருந்து எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

இயற்கை மூலதனம் என்று பேசுகிறார்களே, அதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். பார்த்தா தாஸ்குப்தா என்ற பொருளியலாளர் பிரித்தானிய அரசுக்காக எழுதி 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. 1992 முதல் 2014 வரை உலகில் ஆளுக்குரிய கட்டடம், இயந்திரம், வீதி முதலிய செல்வம் இரட்டிப்பானது; ஆளுக்குரிய இயற்கைச் செல்வம் ஏறக்குறைய 40 வீதம் குறைந்தது. நம் கரையில் அதை மீன் பெட்டியில் பார்க்கலாம். பெரிய இயந்திரம், நீண்ட வலை, வின்ச் எல்லாம் வந்திருக்கின்றன. மடியில் விழுவது அதற்கேற்பக் கூடியதா என்று வயதான சம்மாட்டி ஒருவரைக் கேளுங்கள்.

கடலுக்கு விலை உண்டென்று இப்போது நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்துப் பின்னர் மூழ்கியதும், சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையில் பரவியதும் மறக்கக்கூடியதா? 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அழிந்தபிறகு கணக்குப் பார்த்து வந்த தொகை அது. உயிரோடு இருக்கிற நம் களப்புக்கு அப்படிக் கணக்கு எழுதி நான் பார்த்ததில்லை.

எழுத ஆட்கள் வருவார்கள். கண்டல் சேமிக்கிற காபனை விற்றுத் தருகிறோம் என்று கடதாசியோடு வருவார்கள். வேண்டாம் என்று விரட்டச் சொல்லவில்லை. ஆனால் எங்கோ ஓரிடத்தில் காட்டை அழித்தவருக்கு நம் களப்பின் பெயரில் மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுக்க நாம் இணங்கக்கூடாது. களப்புக்குள் தொழில் செய்கிறவரின் வழியை மறிக்கிற எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வேண்டாம். வருமானம் எந்தக் கணக்கில் விழும், யார் பார்ப்பார், எத்தனை வருடத்துக்கு என்று ஊர்க்கூட்டத்தில், தமிழில், சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வரும் பருவத்துக்குப் பாடு ஒழுங்கு செய்யக் கூடும்போது, அதே கொப்பியில் இன்னும் சில பக்கம் ஒதுக்குங்கள். எந்த வாடியில் வலைக்கழிவுச் சாக்கு, எந்தக் கிழமை யார் பிரித்து நிறுப்பது, விற்ற காசில் எவ்வளவு கோயிலுக்கும் எவ்வளவு அக்காமார் சங்கத்துக்கும் என்று எழுதுங்கள். தன் முறையில் வலையில் வந்த பொலித்தீனைக் கரையேற்றாதவருக்கு அடுத்த முறையில் என்ன குறைப்பு என்றும் எழுதுங்கள். தண்டம் இல்லாத முறை நிலைக்காது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடித் திருவிழாவுக்கு வருகிற சனம் விட்டுப்போகிற போத்தல்களுக்கும் ஒரு நாள் முறை போடலாம். பிறகு களப்போரம் கைவிட்ட குட்டைகளில் ஒன்றே ஒன்றை, உரித்து யாருடையது என்று பிரதேச செயலகத்தில் விசாரித்து, ஊர் கேட்கிறது என்று மனு எழுதுங்கள். நக்டாவின் நாட்காட்டிக் கூட்டத்துக்கு இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள். ஒருவர் கட்டாயம் கருவாடு போடுகிற அக்காமாரில் ஒருவராக இருக்கட்டும். களப்பு இறால் குறைந்தால் சந்தையில் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

கூடும் நாளைச் சொல்லிவிடுங்கள், நானும் வருகிறேன். ஆனைவிழுந்தானில் வரம்பு உடைத்த வேலையில் நின்றவர்களில் ஒருவரையாவது அழைத்துவரப் பார்க்கிறேன். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்று அவர் தரையில் கோடு போட்டுக் காட்டுவார். நம் களப்பில் அது எந்தப் பக்கம் என்று நீங்கள் அவருக்குக் காட்டலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊரவன்,
உடப்பு.